சிலேட்டுக் கால்

ஜூன் 7, சனி

பின்னறைக்கு ஆள் வந்துவிட்டது. மர்ஜானா என்று பெயர். கடையநல்லூர்ப் பெண். பறவை பார்ப்பதுதான் வேலையாம். கழுத்தில் பைனாகுலர், முதுகில் மூட்டை, அட்டை ஏறாமல் இருக்க முழங்கால்வரை துணி உறை. நானும் ரிட்டையர் ஆகும்வரை இந்த எஸ்டேட் கிரச்சில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள்தான். பிள்ளைகளாவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். இவள் பாடு கஷ்டம்.

பையை இறக்குமுன்பே இரண்டு விஷயம் சொல்லிவிட்டாள்.

"டீச்சர், வீட்டுல கறி எடுத்தா எனக்கு வேண்டாம். மீனும் முட்டையும் போதும். இன்னொண்ணு, பூனைய விடியக்காலையிலயும் சாயங்காலத்துலயும் வெளிய விடாதீங்க."

"அது எலி பிடிக்கப் போகுதும்மா."

"சோலைக்குள்ள எலி மட்டுமா டீச்சர் இருக்கு? அதுவும் போக, சிறுத்தை கண்ணுல பட்டா உங்க பூனையே மிஞ்சாது."

சரி, இனிமேல் விடமாட்டேன் என்றேன். நான் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். பூனையின் பெயர் டஸ்ட். டீ பேக்டரியில் டஸ்ட் தூள் மூட்டைகளுக்கு நடுவில் குட்டியாகக் கிடந்ததை என் வீட்டுக்காரர் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். நிறமும் அதே தூள் நிறம். மகன் திருப்பூருக்குப் போன பிறகு இந்த வீட்டில் என் பின்னாலேயே நடக்கிற ஒரே ஜீவன் அதுதான்.

ஜூன் 11

மழை ஓயவில்லை. துணி காயவில்லை. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போட்டால் எல்லாத் துணியிலும் புகை வாடை.

இவள் எதற்கு இங்கே வந்திருக்கிறாள் என்று இன்றைக்குத்தான் விளங்கியது. எங்கள் கொல்லைத் துவைகல்லைத் தாண்டி நாலு வரிசைத் தேயிலை, அதற்கு அப்புறம் ஊத்துச்சோலை. எங்கள் பாடிக்கு, இந்தத் தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, குழாயில் வருகிற தண்ணீர் அந்தச் சோலை ஊற்றுத் தண்ணீர்தான். அந்த இடத்தைக் காட்டேஜ் கட்டுகிற ஒரு கம்பெனி எஸ்டேட்டிடமிருந்து குத்தகைக்கு எடுத்திருக்கிறது. ஆகஸ்டில் அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள். மிக அரிதான உயிர் ஏதாவது அங்கே இருக்கிறது என்று ஆதாரம் காட்டிவிட்டால் அனுமதி கிடைக்காது. இல்லையென்றால் மரங்கள் போகும், ஊற்றும் போகும்.

இதில் எங்கள் கதை ஒன்றும் உண்டு. என் வீட்டுக்காரர் பேக்டரியில் வாட்ச்மேன். டிசம்பரோடு அவருக்கும் ரிட்டையர். அதன்பிறகு இந்தக் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். காட்டேஜ் வந்தால் அவருக்கு அங்கே காவல் வேலையும் தங்க இடமும் தருவதாகக் கம்பெனி ஆள் பிரகதீஷ் சொல்லியிருக்கிறார். வராவிட்டால் திருப்பூரில் மகனுடைய ஒற்றை அறை, அவன், மருமகள், பேரப்பிள்ளை, நாங்கள், டஸ்ட்.

நான் எந்தப் பக்கம் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காததே நல்லது.

ஜூன் 15, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை, மழை. மர்ஜானா அடுப்பங்கரையில் உட்கார்ந்து அந்தப் பறவையைப் பற்றிச் சொன்னாள். கானாங்கோழியில் ஒரு சாதி. எனக்குத் தெரிந்த கானாங்கோழி ஓடைக்கரையில் வெள்ளை நெஞ்சைக் காட்டிக்கொண்டு வாலை ஆட்டி ஆட்டி நடக்கும். அது இல்லையாம் இது. சோலைத் தரையில், சருகுக்குள், ஆள் கண்ணில் படாமல் நடந்தே காலத்தை ஓட்டிவிடும். விரட்டினால் பறக்காது, ஓடும். ரொம்பப் பயந்தால் மரக்கிளையில் ஏறிச் சிலை மாதிரி உட்கார்ந்துகொள்ளும். இருட்டுகிற நேரத்தில் கெக்-கெக், கெக்-கெக் என்று நிறுத்தாமல் கூப்பிடும்.

"தலையும் நெஞ்சும் செங்கல் கலரு. தொண்டை வெள்ளை. வயித்துல கறுப்பும் வெள்ளையுமா வரி வரியா இருக்கும். ஆனா இதே மாதிரி செங்கல் நெஞ்சோட இன்னொரு கானாங்கோழியும் உண்டு டீச்சர். அது வயக்காட்டுல எல்லாம் கெடக்கும். ரெண்டையும் குழப்பிக்கிடக் கூடாது."

"பிறகு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"கால பாக்கணும். அதுக்குச் சிவப்புக் காலு. நம்மாளுக்குச் சிலேட்டுக் கலரு. இங்கிலீஷ் பேர்லயே சிலேட்டுதான் இருக்கு. தமிழ்ல சாம்பல்கால் கானாங்கோழி."

"புதுச் சிலேட்டா, பழைய சிலேட்டா? காய்ஞ்ச சிலேட்டா, நனைஞ்ச சிலேட்டா?" என்று கேட்டேன். எத்தனை பிள்ளைகளின் சிலேட்டைத் துடைத்த கை இது. ஒவ்வொன்றும் ஒரு நிறம் என்பது எனக்குத்தானே தெரியும்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நனைஞ்ச சிலேட்டுன்னு வச்சிக்கிடுங்க டீச்சர். மழையிலதானே பாக்கப் போறோம்."

நல்ல பெண். எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் இப்படி வாயாடியாகத்தான் இருந்திருப்பாள்.

ஜூன் 21

டஸ்ட் சாயங்காலம் ஆனால் கதவைப் பிறாண்டுகிறது. வயதுக்கு வந்த பிள்ளையைக் கட்டிப்போட்டது போல ஒரு பார்வை. அரிசி டின்னுக்குப் பக்கத்தில் எலிப் புழுக்கை வேறு. ஊருக்கெல்லாம் ஒரு சட்டம், என் பூனைக்கு மட்டும் ஒரு சட்டமா? அடுத்த பாடியில் எத்தனையோ பூனைகள் அலைகின்றன. அவற்றை யார் பூட்டி வைத்தார்கள்?

ஒரு நாள் விட்டால் குடி முழுகிவிடாது.

ஜூன் 24

காலையில் கொல்லைப் படியில் டஸ்ட் எதையோ தின்றுவிட்டு வாயை நக்கிக்கொண்டிருந்தது. இரண்டு கால், கொஞ்சம் இறகு. அவ்வளவுதான் மிச்சம். இறகுகளைக் கூட்டி அடுப்பில் போட்டுவிட்டேன். கறுப்பும் வெள்ளையுமாக நாலைந்து இருந்த மாதிரி ஞாபகம். கால் என்ன நிறம் என்று தெரியவில்லை, இன்னும் சரியாக விடியவில்லை.

கால்களை மட்டும் ஏன் எறியாமல் வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. காலி ஊறுகாய்ப் பாட்டிலில் கல் உப்பைப் போட்டு அதற்குள் புதைத்து, மேலலமாரியில் புளி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

மத்தியானம் மீன் குழம்பு. மர்ஜானா இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். எனக்கு இறங்கவில்லை.

ஜூன் 25

பேச்சோடு பேச்சாக அவளிடம் கேட்டேன். செத்துப்போன பறவையின் கால் நிறம் மாறுமா என்று.

"மாறும் டீச்சர். மங்கிரும். மியூசியத்துல வச்சிருக்கிற பழைய பறவைக்கெல்லாம் காலு ஒரே அழுக்கு நிறமாத்தான் இருக்கும். அதனாலதான் அப்பவே பாத்து எழுதி வைப்பாங்க. ஏன் கேக்கீங்க?"

"சும்மாதான். கோழிக்காலு ஞாபகம் வந்துச்சு."

ஆக, சிவப்புக் காலும் செத்த பிறகு சாம்பலாக மாறலாம். அப்படியானால் டஸ்ட் பிடித்தது வயற்காட்டுச் சாதியாகத்தான் இருக்கும். ஓடைப்பக்கம் அதற்கென்ன பஞ்சம். இதை நினைத்ததும் நெஞ்சு லேசானது. ராத்திரிச் சாப்பாடு நன்றாகவே சாப்பிட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

கோயில் முடிந்து டவுனில் கோழிக்கால் வாங்கி வந்தேன். ஒன்றை உப்பிலும் ஒன்றை வெறுமனேயும் ஜன்னலில் வைத்திருக்கிறேன். நிறம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும். கறிக்கடைக்காரரிடம் சிவப்புக் கால் கோழி உண்டா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மர்ஜானா ஜன்னலைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது என்ன, செய்வினையா?" என்றாள்.

"மூட்டு வலிக்கு மருந்து."

கர்த்தரின் நாளில் ஒரு பொய். என் வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்து டீயை உறிஞ்சிக்கொண்டே, "ஒனக்கு எப்ப மூட்டு வலி வந்துச்சு ஞானம்?" என்றார். இந்த மனிதர் எப்போதும் வேண்டாத இடத்தில்தான் காதைத் தீட்டுவார்.

ஜூலை 4

சாயங்காலம் மழை கொஞ்சம் விட்டது. தொப்பலாக நனைந்து, பல்லெல்லாம் தெரிய ஓடி வந்தாள் மர்ஜானா. என் கையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துப் போய் நிறுத்தினாள். சோலைப் பக்கமிருந்து, யாரோ கரண்டியால் தட்டுவது போல, கெக்-கெக், கெக்-கெக்.

"டீச்சர், நம்மாளு! நம்மாளு டீச்சர்!"

என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவள் ஈரம் முழுக்க என் புடவையில். எனக்கும் அழுகை வந்தது. உயிரோடு இருக்கிறது, அப்படியானால் டஸ்ட் கொன்றது இதை இல்லை என்று அந்த ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தேன்.

போனில் பதிவு செய்திருந்தாள். போட்டுக் கேட்டால் தகரத்தில் விழுகிற மழைச் சத்தம் மட்டும்தான். ஆதாரத்துக்கு உதவாது என்றாள். படம் வேண்டும், இல்லையென்றால் ஓர் இறகாவது வேண்டும்.

திரும்பி வரும்போது அவளாகவே சொன்னாள்: "இவ்வளவு விடாம கூப்பிட்டா, அது ஜோடிய தேடுதுன்னு அர்த்தம். ஒத்தையா இருக்கு பாவம்."

ஜூலை 9

தானாகவே படம் எடுக்கும் கேமராவைச் சோலைக்குள் மரத்தில் கட்டியிருந்தாள். இன்றைக்கு அதைக் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினாள். முள்ளம்பன்றி. கீரி. மறுபடியும் முள்ளம்பன்றி. அப்புறம் ஒரு படத்தில், விடியக்காலைச் சாம்பல் வெளிச்சத்தில், வாலைத் தூக்கிக்கொண்டு ஒரு பூனை.

"டீச்சர், இது நம்ம டஸ்ட்தானே?"

"எல்லாப் பூனையும் ஒண்ணு போலத்தான் இருக்கும். இது அடுத்த பாடிப் பூனை."

டஸ்ட்டின் இடது காது நுனியில் ஒரு வெட்டு உண்டு. படத்திலும் அந்த வெட்டு இருந்தது. அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு கம்ப்யூட்டரை மூடினாள். "சரி டீச்சர்" என்றாள். அந்தச் "சரி"க்குப் பதிலாக நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

இன்று முதல் டஸ்ட் வெளியே போகாது. ஜன்னல், கதவு, சாக்கடைக் குழாய் வாய் எல்லாம் அடைத்தாயிற்று. இந்தத் தடவை நிஜமாகவே.

ஜூலை 14

டஸ்ட் சாப்பிட மாட்டேன் என்கிறது. பால் வைத்தால் முகர்ந்துவிட்டுப் போகிறது. கதவடியில் உட்கார்ந்து ஒரே அழுகை. குழந்தை அழுகிற மாதிரியே அழுகிறது. கிரச்சில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை அம்மா போன திசையைப் பார்த்து அழுமே, அதே குரல். அந்த அழுகையை என்னால் எப்போதும் தாங்க முடிந்ததில்லை.

"இத பாக்கப் பாவமா இருக்கு ஞானம். தெறந்து விட்டாத்தான் என்ன?" என்றார் அவர்.

முடியாது என்றேன். சோலையில் அந்தக் கெக்-கெக் இன்றும் கேட்டது. ஒரு பக்கம் அது கூப்பிடுகிறது, ஒரு பக்கம் இது அழுகிறது. நான் நடுவில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 17

மழை. எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 18

மழை. டஸ்ட் நன்றாகத் தூங்குகிறது.

ஜூலை 27, ஞாயிறு

ஒரு வாரத்துக்கு மேலாகச் சோலையில் சத்தமே இல்லை என்கிறாள் மர்ஜானா. சாயங்காலம் முழுக்க மழைக்கோட்டோடு தேயிலைக்குள் நிற்கிறாள். இருமல் பிடித்துக்கொண்டது. மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன்.

"நீங்க கேட்டீங்களா டீச்சர்? கொல்லையில பாத்திரம் கழுவும்போது?"

"இந்த மழைச் சத்தத்துல என்னம்மா கேக்கும்?"

"டஸ்ட் வெளிய போகலியே?"

"வீட்டுக்குள்ளதான் கெடக்கு. நீதான் பாக்குதியே."

பார்க்கிறாள். இப்போது எல்லாவற்றையும் பார்க்கிறாள். ரசத்தை ஊதி ஊதிக் குடித்துவிட்டு டம்ளரை அவளே கழுவி வைத்தாள். "நீங்க எனக்கு எவ்வளவு செய்தீங்க டீச்சர்" என்றாள். அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்றது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பிரகதீஷ் வந்திருந்தார். என் வீட்டுக்காரருக்குக் காக்கிச் சட்டை ஒன்று கொண்டுவந்தார், காட்டேஜ் பெயர் தைத்தது. அவர் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். கை கொஞ்சம் நீளம். மடித்துத் தைத்துத் தா என்றார். எங்கே போகப் போகிறோம் என்ற பயம் இந்த வருடம் முழுக்க அவர் முகத்தில் இருந்தது. இன்றைக்கு இல்லை.

உட்கார்ந்து மடித்துத் தைத்தேன். பாட்டில் புளி டப்பாவுக்குப் பின்னால் சும்மாதான் இருக்கிறது. அதை யாரும் கேட்கவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், இந்த மலையிலேயே இருந்துவிடலாம். இப்படி நான் நினைத்தேன். நினைத்தேன் என்று இங்கே எழுதியாவது வைக்கிறேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

இன்றைக்கு அதிகாரிகள் வந்தார்கள். இரண்டு ஜீப். சோலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு மழைக்கு ஒதுங்கி எங்கள் வீட்டு முன்வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அவர் புதுக் காக்கிச் சட்டையோடு நாற்காலி எடுத்துக் கொடுத்தார். நான் டீ கொண்டுபோனேன்.

பெரியவராகத் தெரிந்த ஒருவர் மர்ஜானாவிடம் பொறுமையாகத்தான் பேசினார். "நீ கேட்டேன்னு சொல்ற, நான் நம்புறேன்மா. ஆனா நான் நம்பி என்ன பிரயோசனம்? ஃபைல்ல எதை வைக்கிறது? ஒரு படம் இல்ல. பதிவு இல்ல. ஒரே ஒரு இறகு இருந்தாலும் போதும், ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி வச்சு நிறுத்திப் போட்டுருவேன்."

மர்ஜானாவிடம் காட்ட என்ன இருக்கிறது? இருமினாள். கேமரா பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். அழாமல் இருக்க அவள் படுகிற பாட்டை நான் தட்டோடு நின்று பார்த்தேன். பிரகதீஷ் டீயை எடுத்துக்கொண்டு, "நல்ல டீ டீச்சர்" என்றார்.

தட்டை அப்படியே திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போனேன். புளி டப்பா கீழே விழுந்து சிதறியது. பாட்டிலை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, பின்வாசல் வழியாக அவளைக் கூப்பிட்டேன். துவைகல் பக்கம் வந்தாள். கையில் கொடுத்தேன்.

"டஸ்ட் கொண்டு வந்ததும்மா. ஜூன் மாசமே. நான் சொல்லல."

அவள் துவைகல்லில் உப்பைக் கொட்டி விரலால் விலக்கினாள். மழைத்துளி விழுந்து உப்பு கரைந்தது. கால்கள் நனைந்தன. நனைந்த சிலேட்டின் நிறம்.

அவற்றை வரிசையாக வைத்தாள். விரல் நீட்டி எண்ணினாள்.

"டீச்சர். மூணு இருக்கு."

காலிப் பாட்டிலை எடுத்து முந்தானையால் துடைத்தேன்.

"இது எடது. இது வலது. இதுவும் வலது." அவள் குரல் ரொம்பச் சின்னதாகிவிட்டது. "ரெண்டு வலது காலு எப்படி டீச்சர் வரும்?"

நான் துவைகல்லைப் பிடித்துக்கொண்டேன். முன்வாசலில் யாரோ சிரிக்கிற சத்தம். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, அதுதான் பெரிய தண்டனை. சோலையைப் பார்த்தாள். அப்புறம் இடது ஒன்றையும் வலது ஒன்றையும் எடுத்துக் கைக்குட்டையில் சுற்றினாள். மூன்றாவதைத் தொடவில்லை.

"நான் என்ன சொன்னாலும் நீங்க ஆமான்னு மட்டும் சொல்லணும்" என்றாள்.

முன்வாசலில் அவள் பேசியதை அப்படியே எழுதுகிறேன். டீச்சர் வீட்டுப் பூனை சோலையிலிருந்து கொண்டுவந்தது சார். டீச்சர் வயற்காட்டுக் கானாங்கோழி என்று நினைத்து எடுத்து வைத்திருந்தார்கள், இப்போதுதான் எனக்குக் காட்டினார்கள். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கால்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணுதானே பிடிச்சது? மத்தது உயிரோட இருக்கும்ல? எல்லாம் செத்துப்போச்சுன்னா இதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது, பாத்துக்கோ."

"ஒண்ணுதான் சார். ஜோடி சோலைக்குள்ளதான் இருக்கு. போன மாசம் நானும் டீச்சரும் நின்னு கேட்டோம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஆமா" என்றேன்.

அவர் அந்தக் காக்கிச் சட்டையோடு சுவரோரமாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 22

ஜூலை 17 அன்று எழுத ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறேன். இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் டஸ்ட்டின் அழுகை தாங்காமல் கதவைத் திறந்தது நான்தான். அவர் அல்ல. காலையில் படியில் ஒரே ஒரு கால் கிடந்தது. அதையும் அதே பாட்டிலில் உப்புக்குள் புதைத்தேன்.

இன்னொன்று. ஜூன் 24 அன்று விடியவில்லை என்று எழுதியதும் பொய். நன்றாக விடிந்திருந்தது. கால் இரண்டும் இன்னும் சூடாக இருந்தன. என்ன நிறம் என்று கையில் எடுத்த நிமிடமே எனக்குத் தெரியும். கோழிக்கால் வாங்கி ஜன்னலில் வைத்ததெல்லாம் என்னை நானே ஏமாற்றத்தான்.

ஒரு பூனையின் அழுகைக்கு இரங்கினேன். அந்தப் பக்கம் ஒன்று ஜோடியைத் தேடிக் கூப்பிட்டதையும் இதே காதால்தான் கேட்டேன். அதற்கு நான் இரங்கவில்லை. இதற்கு என்ன சமாதானம் சொல்ல?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மர்ஜானா மூட்டை கட்டிவிட்டாள். போகுமுன் அடுப்பங்கரைக்கு வந்தாள். மூன்று நாளாக அவள் என்னோடு பேசவில்லை. நானும் முகம் கொடுக்கவில்லை.

"உன்னயப் பொய் சொல்ல வச்சிட்டேனே" என்றேன். அழுதுவிட்டேன்.

"எனக்கும்தான் தூக்கம் வரல டீச்சர்." கீழே பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆனா பறவை போனா வேற எங்கருந்தாவது ஒண்ணு வந்தாலும் வரும். இதுங்க மழைக்காலத்துல மலை விட்டு மலை போற சாதி. சோலை போச்சுன்னா வர்றதுக்கு எடமே இருக்காது. அத நெனச்சுத்தான் சொன்னேன்."

"என்னைய மன்னிச்சிருவியா?"

"தெரியல டீச்சர்" என்றாள். வாயாடிப் பெண், ஆனால் பொய் சொல்லத் தெரியாதவள். என்னால் ஒரு தடவை சொன்னாள். வாசலில் டஸ்ட் அவள் காலைச் சுற்றியது. குனிந்து அதன் தலையைத் தடவிவிட்டுத்தான் போனாள். அதன்மேல் அவளுக்குக் கோபமில்லை.

செப்டம்பர் 19

ஆய்வுக்கூடத்திலிருந்து பதில் வந்துவிட்டதாம். அதே பறவைதான். காட்டேஜுக்கு அனுமதி இல்லை. பாடி முழுக்க ஒரே பேச்சு, தண்ணீர் தப்பித்தது என்று. குழாயடியில் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர் மட்டும் அந்தக் கால எடுத்து வைக்கலன்னா..." என்கிறார்கள். ஒருத்தி டஸ்ட்டுக்கென்று ஒரு கருவாட்டுத் துண்டு கொடுத்துவிட்டாள். வாங்கிக்கொண்டு வந்தேன். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், மூன்றாவது காலைத் தவிர. காக்கிச் சட்டையை மடித்துப் பிரகதீஷிடம் திருப்பிக் கொடுக்க எடுத்து வைத்திருந்தார்.

"கையெல்லாம் மடிச்சுத் தச்சிட்டியே. இனி இது யாருக்கு ஆகும்?" என்றார். சட்டையைப் பைக்குள் வைத்துவிட்டு, "திருப்பூர்லயும் மனுசன்தான இருக்கான்" என்றார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

சோலை முகப்பில் ஒரு பலகை வைக்கப் போகிறார்கள். பறவையை எப்படி அடையாளம் காண்பது என்று படத்தோடு எழுத வேண்டுமாம். தமிழில் எழுத ஆள் தேடியபோது மர்ஜானா என் பெயரைச் சொல்லியிருக்கிறாள். போன் செய்தாள். குரலில் பழைய கலகலப்பு இல்லை, ஆனாலும் செய்தாள். "உங்களுக்குத்தான் தெரியுமே டீச்சர், அது எப்படி இருக்கும்னு" என்றாள்.

மத்தியானம் முழுக்க உட்கார்ந்து எழுதினேன். தலையும் நெஞ்சும் செங்கல் நிறம். தொண்டை வெள்ளை. வயிற்றில் கறுப்பு வெள்ளை வரிகள். சருகுத் தரையில் நடந்து திரியும். கால்கள் நனைந்த சிலேட்டின் நிறம். இதுவரை கை தடுமாறவில்லை. கடைசி வரி மட்டும் பாக்கி. இந்தச் சோலையில் என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

வாழ்கிறது என்று எழுதினால் பொய். வாழ்ந்தது என்று எழுதினால் ஜீப் மறுபடியும் வரும். பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய் அந்தப் பாட்டிலை எடுத்தேன். அன்றைக்குத் துவைகல்லிலிருந்து மறுபடி எடுத்து வைத்த ஒற்றைக் கால். அதைக் கொண்டுபோய்ச் சோலை ஓரத்தில், பலகைக்குக் குழி தோண்டி வைத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மண்ணைக் கிளறிப் புதைத்தேன். ஜெபம் செய்யத் தோன்றியது. என்ன கேட்பதென்று தெரியாமல் சும்மா நின்றேன். ஊற்றுச் சத்தம் மட்டும் இருந்தது.

பாடிப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பாடம் சொல்லிக்கொடுத்த காலத்தில் சிலேட்டில் எழுதிப் போடுவேன்: மாடு மேயும், கிளி பேசும், மீன் நீந்தும். இன்றைக்கு மேய்வதற்கும் அந்தச் சொல்தான். இனிமேல் மேயப் போவதற்கும் அதே சொல்தான். வீட்டுக்கு வந்து அந்த வரியை முடித்தேன். "இந்தச் சோலையில் சாம்பல்கால் கானாங்கோழி வாழும்."

அவர் பேக்டரியிலிருந்து வந்து, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, எழுத்துக்கூட்டி முழுவதையும் வாய்விட்டுப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

"வாழுமா ஞானம்?"

மூன்றாவது காலைப் பற்றித் தெரியாமல்தான் கேட்டார். இருட்டிக்கொண்டு வந்தது. நான் எழுந்து போய்க் கொல்லைக் கதவை இழுத்துத் தாழ்ப்பாள் போட்டேன். டஸ்ட் உள்ளேதான் இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன்.